கப்பலின் பெயரைப் பிடியுங்கள்: அயர்லாந்துக் கைதி ஒருவரைத் தேடிப் போகும் வழி

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்கள் கணவர் ஆஸ்திரேலியர். அவருடைய முன்னோர் ஒருவர் அயர்லாந்தின் டிப்பரேரியிலிருந்து கைதியாகக் கப்பலேற்றப்பட்டு, 1840களில் வந்து, பிறகு விக்டோரியாவில் குடியேறி அங்கேயே இறந்தவர். "நிலச்சுவான்தாரைச் சுட்டுவிட்டு மாட்டிக்கொண்டவர்" என்பது வீட்டில் வழங்கும் கதை. பெயரைப் போட்டுத் தேடினால் அதே பெயரில் ஒரு கூட்டமே வருகிறது. இவர்களில் நம் ஆள் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதானே கேள்வி.

முதலில் பெயரை வைத்துத் தேடுவதை நிறுத்துங்கள். டிப்பரேரியில் ரயன், கெல்லி, மீகர், டுவயர் என்று ஒரு சில குடும்பப் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். முன்னால் சேரும் பெயர்களும் ஜான், பேட்ரிக், மைக்கேல், தாமஸ் என்று ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். இது போதாதென்று எழுத்துக்கூட்டலும் நிலையாக இல்லை. பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சிலருக்கு ஐரிஷ் மொழிதான் பேச்சு. ஆங்கில குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். 'ஓ', 'மெக்' போன்ற முன்னொட்டுகள் ஒரு தாளில் இருக்கும், அடுத்த தாளில் காணாமல் போகும்.

நீங்கள் பிடிக்க வேண்டியது கப்பலின் பெயரை. ஒரு கைதி கரை இறங்கிய நாளிலிருந்து குடியேற்ற அரசு அவரை அடையாளம் கண்டது கப்பலை வைத்துத்தான். இன்னார், இன்ன கப்பலில், இன்ன ஆண்டில் வந்தவர். விடுப்புச் சீட்டு (தண்டனை முடியுமுன்பே வெளியே வேலை பார்க்க அனுமதிக்கும் தாள்), திருமண அனுமதி, தண்டனைக் குறிப்பு, தப்பியோடியவர் அறிவிப்பு என எல்லாவற்றிலும் அந்தக் கப்பல் பெயர் இனிஷியல் மாதிரி ஒட்டிக்கொண்டே வரும். ஒரே கப்பல் பல தடவை வந்திருந்தால் எத்தனையாவது பயணம் என்று பக்கத்தில் எண்ணும் போட்டிருப்பார்கள். கப்பலும் ஆண்டும் உறுதியாகிவிட்டால் அந்தக் கூட்டம் ஓரிருவராகக் குறைந்துவிடும்.

சரி, கப்பலை எப்படிக் கண்டுபிடிப்பது? கடைசியிலிருந்து, அதாவது சாவிலிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

இதற்கு நன்றாக ஆராயப்பட்ட ஒரு ஆளையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அவரும் டிப்பரேரிக்காரர், அவரும் 1840களில் வந்தவர், விக்டோரியாவில்தான் இறந்தார், அவரைப் பற்றியும் நிலச்சுவான்தார் கதை உலவியது. ஜான் கெல்லி, 'ரெட்' கெல்லி என்பார்கள். 1880 நவம்பர் 11 அன்று மெல்பர்ன் சிறையில் தூக்கிலிடப்பட்ட பேர்போன கொள்ளைக்காரர் நெட் கெல்லியின் அப்பா.

ரெட் கெல்லி 1866 டிசம்பர் 27 அன்று அவெனல் என்ற சிற்றூரில் இறந்தார். சாவைப் பதிவு செய்யப் போனவன் மூத்த மகன் நெட்; பன்னிரண்டு வயதை ஒட்டிய பையன். விக்டோரியாவின் இறப்புப் பதிவு அந்தக் காலத்து உலகத் தரத்துக்கு மிகவும் தாராளமானது. 1853இல் அரசுப் பதிவு தொடங்கியது முதலே இறந்தவரின் பெற்றோர் பெயர், பிறந்த ஊர், எங்கே எந்த வயதில் யாரை மணந்தார், பிள்ளைகளின் பெயர், வயது எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்கள். இவற்றோடு ஒரு கட்டம் உண்டு: எந்தெந்தக் குடியேற்றத்தில் எத்தனை ஆண்டு இருந்தார் என்று. உங்களுக்குத் தேவை அந்தக் கட்டம்தான். அதில் டாஸ்மேனியாவில் (அன்று கைதிகளை அனுப்பிய தீவு அது) சில ஆண்டு, மீதி விக்டோரியாவில் என்று எழுதியிருந்தால் காதைத் தீட்டிக்கொள்ளலாம். டாஸ்மேனியா காலம் வெறுமையாக விடப்பட்டிருந்தாலும் சந்தேகப்படுங்கள். தகவல் சொன்னவர் யார் என்றும் பாருங்கள். மனைவி, மகன் என்றால் ஓரளவு நம்பலாம். அண்டை வீட்டுக்காரர் என்றால் பெற்றோர் பெயர் ஊகமாகக்கூட இருக்கும்.

விக்டோரியாவில் முன்னாள் கைதிகள் தங்கள் கதையை மறைத்ததற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. தங்கம் கிடைத்ததும் டாஸ்மேனியாவிலிருந்து ஆட்கள் திரண்டு வர, அவர்களைத் தடுக்க 1852இல் விக்டோரியா ஒரு சட்டமே போட்டது. நிபந்தனை மன்னிப்பில் வெளிவந்தவர் பிடிபட்டால் மறுபடியும் சிறைதான். அந்தச் சூழலில் ஒருவர் தன் பிள்ளைகளிடம் "நான் சாதாரணமாகக் கப்பல் ஏறி வந்தவன்" என்று சொல்லியிருந்தால் அதைப் பொய் என்று திட்ட எனக்கு மனம் வராது. ஆனால் இதன் விளைவு உங்கள் தேடலில் வந்து நிற்கும். சாதாரணப் பயணியர் பட்டியலில் அவர் பெயர் எங்கும் கிடைக்காது. தேடித் தேடியும் வந்த பதிவே இல்லாத அயர்லாந்துக்காரர் என்றால், கைதிப் பதிவைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

எந்த ஊர்க் கைதிப் பதிவு என்பதை ஆண்டு முடிவு செய்யும். அயர்லாந்திலிருந்து நேராக ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகள் போன காலம் 1791 முதல் 1853 வரை. முதல் கப்பல் 'குயின்', கார்க்கிலிருந்து புறப்பட்டு 1791 செப்டம்பரில் சிட்னி சேர்ந்தது. 1840 வரை பெரும்பாலும் சிட்னி. அந்த ஆண்டோடு, சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்புவது ஏறக்குறைய நின்றது. அதற்குப் பிறகு வான் டீமன்ஸ் லேண்டு, அதாவது இன்றைய டாஸ்மேனியா. மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அயர்லாந்திலிருந்தே போன கைதிக் கப்பல்கள் மிகக் குறைவு. 1853இல் போன 'ராபர்ட் ஸ்மால்', 'ஃபீபி டன்பார்' இரண்டும் அவற்றில் சேரும். 1868இல் 'ஹூகமான்ட்' கப்பலில் வந்து இறங்கிய 62 ஃபீனியன்கள் (அயர்லாந்து விடுதலைக்கான ரகசிய அமைப்பினர்) தனிக் கதை. ஆக, உங்கள் ஆள் 1841 முதல் 1853க்குள் தண்டனை பெற்றவர் என்றால் சிட்னி ஆவணங்களில் நேரத்தைப் போக்க வேண்டாம், நேராக டாஸ்மேனியாவின் தலைநகர் ஹோபார்ட்டுக்குப் போங்கள். 1840க்கு முன் என்றால் சிட்னி.

ஹோபார்ட் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலிதான். டாஸ்மேனியாவின் கைதி ஆவணங்கள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2007இல் ஏறியவை, அந்தப் பெருமைக்கு முழுத் தகுதி உள்ளவை. டாஸ்மேனிய நூலகங்களின் பெயர் அட்டவணை இலவசம். பெயரைத் தட்டினால் மூல ஏட்டின் படமே திறக்கும். 1840க்குப் பின் வந்த ஆண்களின் நடத்தைப் பதிவு 'கான் 33' என்ற தொடரில் இருக்கிறது, அதற்கு முந்தியவர்கள் 'கான் 31'இல். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம் அல்லது அரைப் பக்கம். உயரம், தலைமுடி, கண், முகத் தழும்பு, பச்சை குத்தியது, மதம், படிப்பு, தொழில் எல்லாம் மேலே. எங்கே எப்போது விசாரணை, எத்தனை ஆண்டு என்பது அடுத்து. கீழே குடியேற்றத்தில் செய்த மீறல்கள்: குடித்தது, வேலைக்கு வராதது, எதிர்த்துப் பேசியது, அதற்குக் கிடைத்த தண்டனை.

இந்தப் பக்கத்தில் நான் எல்லோரையும் கூர்ந்து படிக்கச் சொல்வது குற்றத்தைப் பற்றிக் கைதியே சொன்ன வாசகம். கப்பல் வந்ததும் அதிகாரிகள் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, "நீ என்ன செய்தாய், யாரிடம் திருடினாய், முன்பு உள்ளே இருந்திருக்கிறாயா" என்று கேட்டு எழுதினார்கள். எதிரே அயர்லாந்திலிருந்து வந்த தாளும் இருக்கும், பொய் சொன்னால் மாட்டிக்கொள்ளலாம் என்ற பயமும் இருக்கும். நீதிமன்றத்தில் அவர் பேசியது எங்கும் பதிவாகாத காலத்தில் உங்கள் முன்னோரின் சொந்தப் பேச்சுக்கு மிக அருகில் போகக்கூடிய இடம் இந்த ஒரு வரிதான். கூடவே 'கான் 14' என்ற கப்பல் பட்டியலையும் பாருங்கள். இந்தக் காலத்துப் பட்டியல்களில் அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை பெயர்களும் சொந்த ஊரும் எழுதியிருப்பார்கள். இறப்புச் சான்றிதழில் உள்ள பெற்றோர் பெயரும் இதுவும் ஒத்துப்போனால் ஆள் கிடைத்துவிட்டார்.

ரெட் கெல்லி விஷயத்துக்கு வருவோம். அவர் நில உரிமையாளரைச் சுட முயன்றவர், ஆங்கிலேயரை எதிர்த்த தேசபக்தர் என்றெல்லாம் நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஏடுகள் சொல்வது வேறு. 1841 தொடக்கத்தில் காஷல் ஊர்க் காலாண்டு நீதிமன்றத்தில் இரண்டு பன்றிகளைத் திருடியதற்காக ஏழு ஆண்டு. 'பிரின்ஸ் ரீஜென்ட்' கப்பல். 1842 ஜனவரி 2 அன்று ஹோபார்ட். 1845இல் விடுப்புச் சீட்டு, 1848 ஜனவரியில் விடுதலைச் சான்றிதழ். பிறகு கடலைத் தாண்டி விக்டோரியா, 1850 நவம்பர் 18 அன்று மெல்பர்ன் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் எலன் குவினுடன் திருமணம்.

பன்றித் திருட்டா என்று முகம் சுளிக்க வேண்டாம். அன்றைய அயர்லாந்துக் குடியானவர் வீட்டில் பன்றியை வளர்ப்பது தின்பதற்காக அல்ல, விற்று நிலத்துக்குக் குத்தகை கட்டுவதற்காக. குத்தகை கட்டாவிட்டால் வீடு போய்விடும். அதனால் பன்றி போனவருக்கு அது பேரிழப்பு. ரெட் கெல்லி திருடியதும் ஏதோ பிரபுவிடமிருந்து அல்ல, தன்னைப் போன்ற ஒரு வட்டாரத்துக்காரரிடமிருந்து.

உங்கள் வீட்டுக் கதையையும் இப்படி உரசிப் பார்க்கலாம். தண்டனைக் காலத்தைப் பாருங்கள். ஏழு, பதினான்கு, ஆயுள் என்று தண்டனைகள் போகும் (1840களில் பத்து, பதினைந்தும் வரும்). ஒருவரைக் கொல்லும் நோக்கத்தோடு சுட்டதாக நிரூபணமானால் தூக்கு அல்லது ஆயுள்தான் எதிர்பார்க்கலாம். ஏடு ஏழு ஆண்டு என்கிறது, கதை துப்பாக்கி என்கிறது என்றால் ஏட்டையே நம்புங்கள். அதே சமயம் கதையை முழுசாகத் தூக்கி எறியவும் வேண்டாம். 1822இல் போட்ட கிளர்ச்சிச் சட்டத்தின்படி, கலவரப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் பொழுது சாய்ந்தபின் வீட்டுக்கு வெளியே இருந்ததற்கே, நடுவர் குழு இல்லாமலே, ஏழு ஆண்டு தீவாந்தர தண்டனை கொடுத்தார்கள். ரகசியக் குழுவில் சத்தியப் பிரமாணம் செய்வித்தவர்களும் கப்பலேறினார்கள். ஆக ஏழு ஆண்டுக்காரரும் கிளர்ச்சிக்காரராக இருக்கலாம்; எந்தச் சட்டத்தின் கீழ் என்பதைப் பார்க்க வேண்டும். பொதுவாகச் சொன்னால் பெரும்பாலோர் திருட்டுக்காகத்தான் போனார்கள். எல்லாக் குடும்பமும் ஒரு புரட்சிக்காரரை விரும்புகிறது, ஏடுகளோ ஆடு, மாடு, துணி, உருளைக்கிழங்கு என்கின்றன. 1840களின் பிற்பகுதிப் பஞ்சத்தில், கப்பலேற்றப்பட வேண்டும் என்பதற்காகவே குற்றம் செய்ததாக நீதிமன்றத்தில் சொன்னவர்களும் உண்டு.

இனி அயர்லாந்துப் பக்கம். இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளின் 'ஃபோர் கோர்ட்ஸ்' வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. நூற்றாண்டுக்கணக்கான நீதிமன்றக் கோப்புகள், 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி எல்லாம் சாம்பல். நாடு கடத்தல் பதிவேடுகளில் 1836க்கு முந்தியவையும் அதில் போயின. 1836 முதல் உள்ளவை தப்பின. ஆகவே டப்ளின் தேசிய ஆவணக் காப்பகத்தின் அயர்லாந்து-ஆஸ்திரேலியா கைதித் தரவுத்தளத்தில் 1836க்கு முந்தைய ஒருவர் இல்லை என்றால், அவர் கைதி இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கருணை மனு போட்டவர்கள் மட்டுமே அந்தக் காலப் பகுதியில் எஞ்சியிருக்கிறார்கள். மற்றவர்களுக்குச் சிட்னிக்கு அனுப்பிய கப்பல் பட்டியல்தான் இருக்கும் ஒரே ஆதாரம். ஆரம்பக்கால அயர்லாந்துக் கப்பல்கள் சிலவற்றில் அந்தப் பட்டியலும் ஒழுங்காக வரவில்லை. யாருக்கு எத்தனை ஆண்டு என்றே தெரியாமல் ஆளுநர்கள் லண்டனுக்குப் புகார் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தரவுத்தளம் 1988இல், ஆஸ்திரேலியாவின் இருநூறாவது ஆண்டுக்கு அயர்லாந்து அரசு கொடுத்த பரிசு. நுண்படச் சுருள்களிலிருந்து பெயர்களைத் தட்டச்சு செய்ததால் பிழைகள் இருக்கும். ஒன்றிரண்டு எழுத்தை மாற்றியும் தேடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறியீடு வரும். நாடு கடத்தல் பதிவேடு என்றால் பெயர், வயது, குற்றம், கவுன்ட்டி (மாவட்டம் மாதிரி), காலம் என்று ஒரு வரியோடு முடிந்துவிடும். மனுக்கோப்பு என்றால் கொண்டாடலாம்.

மனுக்கோப்பு என்பது கைதியோ மனைவியோ பெற்றோரோ டப்ளினில் இருந்த லார்டு லெப்டினன்டுக்கு, அதாவது பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதிக்கு, எழுதிய கருணை விண்ணப்பம். எத்தனை பிள்ளைகள், எவ்வளவு நிலம், யாருடைய குத்தகை, அப்பாவுக்குக் கண் தெரியாது, மாடு செத்துப்போயிற்று என்று குடும்பமே அதில் வந்து நிற்கும். பங்குச் சாமியாரும் ஊர்ப் பெரியவர்களும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். சிலவற்றில் நீதிபதியின் கருத்தும் சேர்ந்திருக்கும். படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: எழுதத் தெரியாதவர்களுக்கு இதை எழுதிக் கொடுக்கத் தொழில்முறை ஆட்கள் இருந்தார்கள், நம் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவர்கள் மாதிரி. 'ஏழை எளியேன், தங்கள் காலடியில் விழுந்து' என்ற நடை எல்லா மனுவிலும் ஒன்றுதான். நடையை விட்டுவிட்டு ஊர், பெயர், எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கைதி போனபின் மனைவி மக்களைக் கூட்டிக்கொள்ளக் கேட்ட விண்ணப்பங்களும் தனித் தொடராக இருக்கின்றன. மணமானவர் என்றால் அதையும் பாருங்கள்.

விசாரணையில் என்ன நடந்தது என்பதற்குச் செய்தித்தாளே கதி. பெரிய வழக்குகள் ஆண்டுக்கு இருமுறை, வசந்தத்திலும் கோடையிலும் கூடும் அசைஸ் நீதிமன்றத்தில்; சிறியவை காலாண்டு நீதிமன்றத்தில். ஏட்டில் விசாரணைத் தேதி இருப்பதால் அந்த வாரத்து உள்ளூர்ப் பத்திரிகையைப் புரட்டினால் போதும். பல சமயம் "பன்றி திருடியவர், ஏழு ஆண்டு" என்று ஒரே வரியாக இருக்கும். குற்றம் வன்முறை சார்ந்தது என்றால் காவல்துறை டப்ளினுக்கு அனுப்பிய 'அவுட்ரேஜ்' அறிக்கைகள் 1835 முதல் 1852 வரை கவுன்ட்டி வாரியாக இருக்கின்றன. உங்கள் நிலச்சுவான்தார் கதைக்கு அங்கே ஒரு தடவை எட்டிப்பார்ப்பது நியாயம்.

பிறந்த ஊரின் பெயர் கிடைத்தபிறகே நிலப் பதிவுகளுக்குப் போங்கள்: தசமபாக வரிப் புத்தகங்கள் 1823 முதல் 1838 வரை, வரிக்காக நிலத்தையும் வீட்டையும் கணக்கெடுத்த கிரிஃபித் மதிப்பீடு 1847 முதல் 1864 வரை. கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. ஊர் தெரியாமல் கவுன்ட்டியை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றில் இறங்கினால் வெளியே வர முடியாது.

சில பள்ளங்களையும் சொல்லிவிடுகிறேன். பிறந்த இடம் வேறு, தண்டனை பெற்ற இடம் வேறு. அயர்லாந்தில் பிறந்து பிழைப்புக்காக லிவர்பூலுக்கோ லண்டனுக்கோ போய் அங்கே மாட்டியவர்கள் ஏராளம். அவர்கள் ஆங்கிலேயக் கப்பலில் வந்தார்கள், டப்ளின் ஏடுகளில் இருக்க மாட்டார்கள். லண்டன் என்றால் ஓல்டு பெய்லி என்ற குற்றவியல் நீதிமன்றத்தின் விசாரணைகள் இலவசமாகவே படிக்கக் கிடைக்கும். படையில் சேர்ந்து, இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்தபோது ராணுவ நீதிமன்றத் தண்டனை பெற்று அங்கிருந்து சிட்னிக்கு அனுப்பப்பட்ட அயர்லாந்துச் சிப்பாய்களும் உண்டு. ஆள் எங்குமே கிடைக்காவிட்டால் இந்தப் பக்கமும் பார்க்கலாம்.

இன்னொன்று, சுருக்கெழுத்துகள். நியூ சவுத் வேல்ஸின் 1828 நவம்பர் கணக்கெடுப்பில் 'சி.எஃப்.' என்றால் சுதந்திரமாக வந்தவர். வேறு ஏடுகளில் அதே 'சி.எஃப்.' விடுதலைச் சான்றிதழைக் குறிக்கும், அதாவது முன்னாள் கைதி. 'எஃப்.எஸ்.' தண்டனை முடித்தவர், 'பி.சி.' குடியேற்றத்திலேயே பிறந்தவர், 'டி.எல்.' விடுப்புச் சீட்டுக்காரர். இதைக் கவனிக்காமல் கைதியைச் சுதந்திரப் பயணி ஆக்கிய வம்சாவளி மரங்கள் இணையத்தில் நிறைய மிதக்கின்றன. அந்த மரங்களைக் குறிப்பாக மட்டும் வையுங்கள், ஆதாரமாக வேண்டாம்.

குடும்பத்தில் பெண் கைதி யாராவது இருந்தால் 'கான் 40', 'கான் 41' தொடர்கள். கைக்குழந்தையோடு வந்த பெண்கள் பலர். குழந்தைகள் ஹோபார்ட் அருகே நியூ டவுன் அனாதைப் பள்ளிக்குப் போனார்கள், அதற்கும் பதிவு உண்டு.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். விக்டோரியா பிறப்பு இறப்புப் பதிவகத்தின் இணையதளத்தில் கட்டணம் கட்டி அவருடைய இறப்புச் சான்றிதழை எடுங்கள். அட்டவணையில் வரும் ஒரு வரி போதாது, முழுப் படம் வேண்டும். கூடவே அவருடைய மூத்த பிள்ளையின் பிறப்புப் பதிவையும் எடுங்கள். பெற்றோர் எங்கே எப்போது மணந்தார்கள் என்று அதில் இருக்கும். மணம் ஹோபார்ட்டிலோ லான்செஸ்டனிலோ நடந்திருந்தால் அந்த மணத்துக்குக் கைதிகள் கேட்ட அனுமதி டாஸ்மேனியப் பெயர் அட்டவணையில் இருக்க வாய்ப்பு உண்டு, அதில் கப்பல் பெயர் வந்துவிடும். சான்றிதழ் கையில் வந்ததும் 'எந்தக் குடியேற்றத்தில் எத்தனை ஆண்டு' என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள், எந்தத் தொடரில் இறங்குவது என்று அப்புறம் பார்ப்போம்.